அறிந்ததை எடுத்துரைத்தல்: இஸ்லாமியக் கற்கை மாணவர்களும் செயலூக்கக் கற்றலும்

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இஸ்லாமியக் கற்கைகளைப் பயிலும் மாணவர்களுள் பலர், அல்குர்ஆனின் நீண்ட அத்தியாயங்களை மனனமாக ஓதவும், சட்டநூல்களின் அரபு வாசகங்களைப் பொருள் பிரித்து வாசிக்கவும், பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதவும் வல்லவர்களாக இருந்தும், அதே விடயத்தைச் சக மாணவர் முன்னிலையில் பத்து நிமிடத்தில் ஒழுங்குபடுத்திச் சொல்லுமாறு கேட்கப்பட்டதும் தடுமாறிப் போகின்றனர். கையிலுள்ள தாளை நிமிர்ந்து பாராமல் வாசித்து முடித்தல், திரையில் தெரியும் எழுத்தை அப்படியே ஒப்புவித்தல், கேள்வி எழுந்ததும் மௌனமாகிவிடுதல் ஆகியன இத்தடுமாற்றத்தின் வழக்கமான வடிவங்களாகும். இதனைக் கூச்ச சுபாவம் என்றோ மொழிக் குறைபாடு என்றோ மாணவர் மீது சுமத்திவிடுவது எளிது. எனினும், பாடசாலைக் காலம் முழுவதிலும் அதன் பின்னர் விரிவுரை மண்டபத்திலும் கேட்பவராகவும் குறிப்பெடுப்பவராகவும் மட்டுமே பழக்கப்பட்ட ஒருவர், பருவத்தின் இறுதி வாரத்தில் திடீரெனப் பேச்சாளராக மாறிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதிலேயே பிழை தொடங்குகிறது.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களின் உயர்கல்வியில் இப்பிரச்சினை தனிக் கவனத்துக்குரியது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கப்பெற்று, 1996இல் முழுமையான பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்தப்பட்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம், அம்பாறை மாவட்டத்தின் ஒலுவிலிலுள்ள தனது வளாகத்தில் இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்குமெனத் தனியொரு பீடத்தையே 2005இல் நிறுவியது; பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இத்துறை போதிக்கப்படுகிறது. இங்கிருந்து பட்டம் பெற்று வெளியேறுவோர் பாடசாலை ஆசிரியர்களாகவும், அரபுக் கல்லூரிகளின் விரிவுரையாளர்களாகவும், பள்ளிவாசல்களிலும் ஊடகங்களிலும் மார்க்க விளக்கம் அளிப்போராகவும் பணியாற்றுகின்றனர் என்பதால், எடுத்துரைக்கும் ஆற்றல் அவர்களுக்குப் பாடத்தின் ஓரத்தில் ஒட்டப்பட்ட அலங்காரமாக இருக்க முடியாது. நாட்டின் உயர்கல்வித் தகைமைகளை வரையறுக்கும் இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பும், ஒரு பட்டதாரி பெற்றிருக்க வேண்டிய கற்றல் பேறுகளுள், அதாவது பாடநெறியின் முடிவில் மாணவரிடம் காணப்பட வேண்டிய ஆற்றல்களுள், தொடர்பாடல் திறனையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது.

இத்துறைக்கு வரும் மாணவர்கள் ஒரே தன்மையினர் அல்லர் என்பதையும் முதலிலேயே கருத்திற் கொள்ள வேண்டும். ஒரு சாரார் உயர்தரத்தில் இஸ்லாமிய நாகரிகத்தையோ அரபு மொழியையோ கற்றுப் பாடசாலையிலிருந்து நேரடியாக வருகின்றனர். மற்றொரு சாரார் அரபுக் கல்லூரியில் சில ஆண்டுகள் ஓதி, மௌலவிப் பட்டத்துடன் வருகின்றனர். பின்னவர்களுக்கு மேடைப் பயம் குறைவு. ஊர்ப் பள்ளிவாசலில் பயான் செய்தும், சிலர் ஜும்ஆ தினத்தில் குத்பா நிகழ்த்தியும் பழகியவர்கள் அவர்கள். ஆயினும் வகுப்பறையில் அவர்களுடைய பேச்சு வேறொரு வகையில் தடைப்படுகிறது. குத்பா என்பது ஜும்ஆத் தொழுகையோடு இணைந்த உரை. அது நிகழும்போது கேட்போர் வாய் திறவாதிருக்க வேண்டும் என்பது மார்க்க விதி. ஆதலால் அவ்வுரை, இயல்பிலேயே மறுகேள்வியை எதிர்நோக்காத ஒன்றாகும். நம்பிக்கை கொண்டோருக்கு அந்நம்பிக்கையை நினைவூட்டி, உள்ளத்தை அசைத்து, செயலுக்குத் தூண்டுவது அதன் நோக்கம். பல்கலைக்கழகத்தில் எதிர்பார்க்கப்படும் முன்வைப்போ, ஒரு கேள்வியை எழுப்பி, அதற்குரிய ஆதாரங்களை வரிசைப்படுத்தி, மாற்றுக் கருத்துகளை அவற்றின் நியாயத்தோடு எடுத்துக்காட்டி, எட்டிய முடிவைச் சபையின் விசாரணைக்கு உட்படுத்துவதாகும். இவ்விரண்டும் தத்தம் இடத்தில் மதிப்புடையன. ஆனால் ஒன்றில் பெற்ற தேர்ச்சி மற்றொன்றுக்குத் தானாகவே கைகொடுப்பதில்லை.

மாணவியரின் நிலை இன்னும் கூர்மையானது. கலைசார் துறைகளில் பெண்களே பெரும்பான்மையாகக் கற்கின்றனர். ஆனால் அவர்களுக்கு மிம்பர் மேடையும் இல்லை, ஊர்க்கூட்டங்களில் எழுந்து பேசும் பழக்கமும் பெரும்பாலும் இல்லை. ஆண் மாணவர்களும் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் குரலை உயர்த்துவது அடக்கத்துக்கு மாறானது என்ற எண்ணம், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. இவ்வெண்ணத்துக்கு இஸ்லாமிய அறிவு மரபில் ஆதாரம் தேடினால் கிடைப்பது மறுப்பே ஆகும். கிறிஸ்துவுக்குப் பின் பதினோராம் நூற்றாண்டில் மக்காவில் ஸஹீஹுல் புகாரியைப் போதித்த கரீமா அல்மர்வஸிய்யாவிடம், பக்தாதின் பெரும் ஹதீஸ் அறிஞரான அல்கதீப் அல்பக்தாதி பயின்றார் என்பது வரலாற்றில் பதிவான செய்தி. இதனை வரலாற்றுப் பாடமாகக் கேட்டுக் குறிப்பெடுக்கும் மாணவி, அதே வகுப்பில் ஐந்து நிமிடம் பேசும் வாய்ப்பையும் பெற்றாக வேண்டும்.

செயலூக்கக் கற்றல் என்ற கோட்பாடு இங்கேதான் பொருந்துகிறது. மாணவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்காமல், வாசித்தல், எழுதுதல், விவாதித்தல், சிக்கலைத் தீர்த்தல் முதலிய ஏதேனும் ஒன்றில் ஈடுபட்டு, தாம் செய்வதைப் பற்றிச் சிந்திக்கவும் செய்கின்ற கற்றலே செயலூக்கக் கற்றல் எனப்படும். சார்லஸ் போன்வெல், ஜேம்ஸ் ஐசன் ஆகிய அமெரிக்கக் கல்வியாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இக்கருத்தை உயர்கல்வியில் பரவலாக்கியது. பின்னர் 2014இல் ஸ்கொட் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் 225 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, விரிவுரையை மட்டும் நம்பிய வகுப்புகளில் மாணவர் தோல்வியடையும் வாய்ப்பு, செயலூக்க வகுப்புகளைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருப்பது தெரியவந்தது. அவ்வாய்வுகள் அறிவியல், பொறியியல், கணிதத் துறைகளைச் சார்ந்தவை. ஆகவே அவற்றின் எண்களை ஃபிக்ஹு வகுப்புக்கு அப்படியே பொருத்திக் காட்டுவது நேர்மையாகாது. ஆனால் பேச்சுத் திறனைப் பொறுத்தவரை வாதம் இன்னும் எளிமையானது: பேசாமல் பேசக் கற்க முடியாது, பேசுவதற்கு முன் எதைச் சொல்வது, எதை விடுவது எனத் தீர்மானிக்க நேரும்போதுதான் தமது விளக்கத்திலுள்ள இடைவெளிகள் மாணவருக்கே புலப்படுகின்றன.

இதனை மேற்கிலிருந்து இறக்குமதியான முறை என்று ஒதுக்குவோர், இஸ்லாமியக் கல்வி மரபைப் பாதியளவே பார்க்கின்றனர். முஸ்லிமுக்கு ஒப்பான, இலை உதிராத மரம் எது என்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் கேள்வி எழுப்பிய நிகழ்வை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. சபையிலிருந்தோரின் எண்ணம் பாலைவன மரங்களைச் சுற்றி அலைந்தது. இளைஞரான இப்னு உமர் (ரழி) அவர்களுக்கு அது பேரீச்சை என்று தோன்றியும், மூத்தோர் அமர்ந்திருந்த சபையில் சொல்ல வெட்கப்பட்டு இருந்துவிட்டார். விடையை நபியவர்களே கூறிய பின், இதைப் பற்றி மகன் சொல்லக் கேட்ட உமர் (ரழி) அவர்கள், நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு அளவற்ற மகிழ்ச்சியாக இருந்திருக்குமே என்ற கருத்தில் வருந்தினார்கள். விடை தெரிந்தும் வாய் திறவாத மாணவரை இன்றைய விரிவுரையாளர் ஒவ்வொரு நாளும் காண்கிறார். அந்நிகழ்வில் ஆசிரியர் விடையை முதலில் சொல்லிவிடாமல் வினாவைச் சபையில் வைத்ததும், தந்தை மகனின் மௌனத்தைப் பணிவென்று பாராட்டாமல் இழப்பாகக் கருதியதும் ஆசிரியத் தொழிலில் இருப்போர் ஊன்றி நோக்க வேண்டியவை.

இம்மரபு பிற்காலத்திலும் தொடர்ந்தது. ஆசிரியரைச் சுற்றி வட்டமாக அமர்ந்து கற்கும் ஹல்காவும், ஒரு கருத்தை இருவர் எதிரெதிராக நின்று வாதிடும் முனாழராவும் மத்திய கால மத்ரஸாக்களின் அன்றாட வழக்கங்கள். ஆசிரியரின் பாடத்தைப் பின்னர் சக மாணவருக்கு மீள விளக்கும் பொறுப்பு முஈத் எனப்பட்ட மூத்த மாணவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மாணவர் ஒழுக்கம் பற்றிப் புகழ்பெற்ற கைநூலை எழுதிய அஸ்ஸர்னூஜி, சிறிது நேரக் கலந்துரையாடல் நீண்ட கால மனனத்தைவிட மேலானது என்ற கருத்தை அந்நூலில் எடுத்துக்கூறுகிறார். மனனம் இம்மரபில் ஒருபோதும் தனித்து நின்றதில்லை. உரையாடலைக் கழித்துவிட்டு மனனத்தை மட்டும் எஞ்சவைத்தது பிற்காலப் பரீட்சைமுறையே எனலாம்.

வகுப்பறையில் இதனை எவ்வாறு நடைமுறைப்படுத்துவது என்பதற்கு ஒரு தலைப்பை அருகிலிருந்து நோக்கலாம். பெண்கள் அணியும் தங்க நகைக்கு ஸகாத் உண்டா என்பது ஒவ்வொரு ரமழானிலும் வீடுகளில் எழும் கேள்வி. ஹனஃபி மத்ஹபின்படி, சுமார் 85 கிராம் தங்கம் என்ற வரையறையை எட்டும் நகைக்கு, அது அணியப்பட்டாலும், ஆண்டுக்கு இரண்டரை வீதம் ஸகாத் கடமையாகும். ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் மேலோங்கிய கருத்தின்படி, அனுமதிக்கப்பட்ட அளவில் அணியப்படும் நகைக்கு ஸகாத் இல்லை. முதலாவது தரப்பு, மகளின் கையில் கிடந்த தங்கக் காப்புகள் குறித்து நபியவர்கள் தாயிடம் விசாரித்த ஹதீஸை முன்வைக்கிறது. மற்றையது, தம் பராமரிப்பிலிருந்த அநாதைப் பெண்களின் நகைகளுக்கு ஆயிஷா (ரழி) அவர்கள் ஸகாத் எடுக்கவில்லை என்ற அறிவிப்பை எடுத்துக்காட்டுகிறது. வழக்கமான விரிவுரையில் இவை யாவும் அரைமணி நேரத்தில் சொல்லி முடிக்கப்பட்டு, மாணவரின் குறிப்பேட்டில் நான்கு வரிகளாக அடங்கிவிடும்.

இதே பாடத்தை எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரப் பாடசாலைகளில் உருவாக்கிய ஜிக்சோ முறையில் நடத்த முடியும். நாற்பது மாணவர் கொண்ட வகுப்பு, நான்கு பேர் வீதம் பத்துத் தாய்க்குழுக்களாகப் பிரிக்கப்படும்; ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்கு ஒரு மத்ஹபு என நால்வருக்கும் நான்கு வாசிப்புப் பகுதிகள் வழங்கப்படும். ஒரே மத்ஹபைப் பெற்றவர்கள், பத்துப் பேர் ஓரிடத்தில் கூடினால் சிலரே பேசுவர் என்பதால், ஐந்து ஐந்து பேராக அமர்ந்து, தமக்குரிய ஆதாரங்களை ஆராய்ந்து, அதை மூன்று நிமிடத்தில் எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்ப்பர். பின்னர் அவரவர் தாய்க்குழுவுக்குத் திரும்பி, ஏனைய மூவருக்கும் கற்பிப்பர். தன் பகுதியை ஒருவர் தெளிவாகச் சொல்லாவிட்டால் குழுவின் அறிவு குறைபட்டே நிற்கும் என்பதால், பேசுவதற்கு உண்மையான தேவை பிறக்கிறது. நாற்பது பேர் முன்னால் அல்லாமல் மூவர் முன்னால் பேசுவதால் அச்சமும் தணிகிறது. இறுதியில், ஸகாத் பற்றி விளக்கம் கேட்டு வந்த ஒரு குடும்பத்துக்குப் பதிலளிப்பதாக எண்ணி, ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் முழு வகுப்புக்கும் விடயத்தை முன்வைப்பார். யார் என்பது கடைசி நேரத்தில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யப்பட்டால், எல்லோரும் ஆயத்தமாக இருப்பர்.

ஆரன்சன் இம்முறையை வகுத்தது, இன ஒதுக்கல் நீக்கப்பட்டு வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்தபோது எழுந்த பகைமையைத் தணிப்பதற்காகவே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. இலங்கை முஸ்லிம்களிடையே தரீக்காக்களைச் சார்ந்தோரும், தவ்ஹீத் அமைப்புகளைச் சார்ந்தோரும், தப்லீக் பணியில் ஈடுபடுவோரும் உள்ளனர். அவர்களுடைய பிள்ளைகள் ஒரே விரிவுரை மண்டபத்தில் அடுத்தடுத்த கதிரைகளில் அமர்கின்றனர். தாம் பின்பற்றாத ஒரு கருத்தை, அதனை ஏற்பவர் கேட்டாலும் சரியென்று தலையசைக்கும் விதத்தில் நியாயமாக எடுத்துரைக்கப் பழகுவதே இத்துறையில் ஒரு மாணவர் பெறக்கூடிய மிகப் பெரிய முன்வைப்புத் திறன். குரல், பார்வை, கையசைவு ஆகிய அனைத்தும் அதற்குப் பின்னரே வரும்.

இவ்வளவு விரிவான ஏற்பாடு எல்லா வாரமும் இயலாது. அத்தகைய வாரங்களில், மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த எளிய முறை போதும்: வினா எழுப்பப்பட்டதும் ஒரு நிமிடம் தனியே சிந்தித்து, இரண்டு நிமிடம் பக்கத்திலிருப்பவரோடு பேசி, அதன் பின்னரே சபைக்குச் சொல்லுதல். பக்கத்திலிருப்பவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்த விடையைச் சபையில் சொல்ல மாணவர், குறிப்பாக மாணவியர், அதிகம் தயங்குவதில்லை.

திரைக் காட்சிகளைப் பற்றியும் சில சொல்ல வேண்டியுள்ளது. ஒரு ஹதீஸை, அறிவிப்பாளர் தொடர் முழுவதோடும் மொழிபெயர்ப்போடும் விளக்கத்தோடும் ஒரே ஸ்லைடில் சிறிய எழுத்தில் நிரப்புவது மாணவரிடம் ஊறிப்போன பழக்கம். நபிமொழியைச் சுருக்கிவிடக் கூடாது என்ற பக்தி உணர்வும் இதற்கு ஒரு காரணம் என்பதால், அதைக் கேலிக்குரிய குறையாகக் கருதலாகாது. ஹதீஸின் மையப் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அரபில் இட்டு, அதன்கீழ் மூலநூலையும் தரத்தையும் ஒரு வரியில் குறித்து, மொழிபெயர்ப்பையும் விளக்கத்தையும் வாயால் சொல்லுவதே பொருத்தமானது. முழுத் தொடரும் வேண்டுவோருக்கு அச்சிட்ட தாள் ஒன்றை வழங்கலாம். இதனோடு ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட ஸ்லைடு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறக்கப்படும்போது தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளைக் காட்டும். வலமிருந்து இடமாக ஓட வேண்டிய அரபு வரியை நகலெடுத்து ஒட்டும்போது அடைப்புக்குறிகளும் எண்களும் இடம் மாறிவிடும். பல நாள் உழைத்து ஆயத்தமான மாணவரின் தன்னம்பிக்கை இந்த முதல் நிமிடத்திலேயே சிதைந்துவிடுவதால், யுனிகோட் எழுத்துருவைப் பயன்படுத்தவும், பேசவிருக்கும் மண்டபத்தின் கணினியிலேயே முன்கூட்டிச் சரிபார்க்கவும் கற்பிப்பது பாடத்தின் ஒரு பகுதியே ஆகும்.

கேள்வி நேரம் மாணவர் மிகவும் அஞ்சும் கட்டம். தெரியாது என்று சொன்னால் மதிப்பும் புள்ளியும் போய்விடும் என்ற பயத்தில், ஆதாரமற்ற பதிலை உரத்த குரலில் சொல்லிச் சமாளிப்போர் உண்டு. மார்க்க விடயத்தில் இது வெறும் முன்வைப்புக் குறையன்று, பொறுப்பின்மையும் ஆகும். மதீனாவின் இமாம் மாலிக் அவர்களிடம் தொலைதூரத்திலிருந்து வந்தவர்கள் கேட்ட கேள்விகளுள் பெரும்பாலானவற்றுக்குத் தமக்குத் தெரியாது என்றே அவர் பதிலளித்ததாக அறிஞர்கள் பதிவு செய்துள்ளனர். அத்தகைய பதிலை எப்படிச் சொல்வது என்பதையும் பயிற்றுவிக்க வேண்டும்: கேள்வியைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துதல், தமக்குத் தெரிந்த எல்லை எது என்று கூறுதல், எந்நூலில் தேடுவார் என்பதைக் குறிப்பிடுதல், அடுத்த வகுப்பில் விடையோடு வருதல் என அது அமையும்.

பின்னூட்டம் இல்லாத பயிற்சி பழைய பிழைகளையே உறுதிப்படுத்தும் என்பதால், 1960களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சிக்காக உருவான நுண்கற்பித்தல் முறை இங்கும் பயன்படும். ஐந்து நிமிடப் பேச்சு ஒன்று கைப்பேசியில் பதிவு செய்யப்பட்டு, பேசியவரே அதைப் பார்த்து, ஒரேயொரு குறையைத் திருத்தி மீண்டும் பேசுவதே அதன் சாரம். மாணவியர் தம் காணொளி பிறர் கைக்குப் போகுமோ என்று அஞ்சுவது நியாயமானது. ஆகையால் பதிவு அவரவர் கைப்பேசியிலேயே இருக்க வேண்டும், ஒலிப்பதிவு மட்டும் போதுமென்றால் அதையும் ஏற்க வேண்டும். சக மாணவர் கருத்துச் சொல்லும்போது, நன்றாக இருந்தது என்ற பொதுவான பாராட்டைத் தவிர்க்க, மதிப்பீட்டு அளவுகோல் ஒன்று முன்கூட்டியே வழங்கப்படுவது நலம். இறைவசனம், நபிமொழி, அறிஞர் கருத்து, பேசுபவரின் சொந்த முடிவு ஆகிய நான்கும் கேட்போருக்குக் குழப்பமின்றி வேறுபடுத்திக் காட்டப்பட்டனவா என்ற வினா அவ்வளவுகோலில் முதலிடம் பெற வேண்டும். ஏனைய துறைகளுக்கான அளவுகோல்களை அப்படியே எடுத்தாள்வதால் இவ்வினா பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

இம்முறைகளுக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் புறக்கணிக்க முடியாது. பாடத்திட்டத்தை முடிக்க நேரம் போதாது என்பது உண்மை; வாசிப்பை வகுப்புக்கு வெளியே ஒப்படைத்துவிட்டு, வகுப்பு நேரத்தை உரையாடலுக்கு ஒதுக்கினால் அது ஓரளவு ஈடாகும், முழுமையாக ஈடாகாது. நன்கு பேசும் விரிவுரையாளரிடம் கேட்டுக் கற்பதே தமக்கு அதிகம் பயன்தருகிறது என்று மாணவர்களும் முறையிடலாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பௌதிகவியல் வகுப்புகளில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், செயலூக்க வகுப்பிலிருந்த மாணவர்கள் பரீட்சையில் அதிகம் கற்றிருப்பதைக் காட்டியும், தாம் குறைவாகவே கற்றதாக உணர்ந்தனர். முயற்சி தரும் சிரமத்தை அவர்கள் தோல்வியென எண்ணிக்கொண்டதே அதற்குக் காரணம். இதனைப் பருவத்தின் முதல் வாரத்திலேயே மாணவரிடம் வெளிப்படையாக எடுத்துச் சொன்னால் எதிர்ப்புக் குறையும்.

மதிப்பீட்டு முறை மாறாத வரை இவை அனைத்தும் ஆர்வமுள்ள சில விரிவுரையாளரின் தனி முயற்சியாகவே நின்றுவிடும். பருவ இறுதியில் ஒரே முன்வைப்புக்கு இருபது புள்ளிகள் ஒதுக்கப்பட்டிருக்குமாயின், அதனை மூன்றாகப் பிரித்து, மூன்று நிமிடக் குழுப்பேச்சு, ஐந்து நிமிடத் தனிப்பேச்சு, பத்து நிமிட முழுமையான முன்வைப்பு என ஏறுவரிசையில் பருவம் முழுவதும் பரப்பலாம். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, புள்ளியே இல்லாத, பின்னூட்டம் மட்டும் வழங்கப்படும் ஒரு பேச்சு இடம்பெற வேண்டும். நூறு பேருக்கு மேற்பட்ட வகுப்புகளில் விரிவுரையாளர் ஒருவரால் இத்தனையையும் கேட்டு முடிக்க இயலாது. முஈத் என்ற பழைய ஏற்பாட்டை இங்கே புதுப்பித்து, இறுதியாண்டு மாணவர்களுக்கு உரிய பயிற்சியளித்து, முதலாண்டு மாணவரின் சிறு பேச்சுகளைக் கேட்டுக் கருத்துரைக்கும் பொறுப்பையும் அதற்குரிய புள்ளியையும் அவர்களுக்கு வழங்குவதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ வேண்டியதில்லை. துறைக் கூட்டமொன்றில் எடுக்கப்படும் தீர்மானமும், நேரசூசியில் வாரத்துக்கு ஒரு மணி நேரமும் போதும்.